அஞ்சு பைசாவின் மூலை

திருப்பதிக்காரனுக்குச் சூடத்தின் வாசனை ஒரு செய்தியே அல்ல. மேலே மலையில் கோயிலுக்கு எதிரே அகிலாண்டத்தில் யாத்திரிகர்கள் கொளுத்திக்கொண்டே இருப்பார்கள். கீழே கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வில்லை வில்லையாகப் பொட்டலத்தில் தொங்கும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் மொட்டைத்தலைச் சந்தனத்தோடு அதுவும் கலந்துதான் வரும். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வாசனையில் பெருமாள் தெரிவார். எனக்கு, சொன்னால் சிரிப்பீர்கள், கிட்டார்த் தந்தியை மீட்டும் பிக்தான் முதலில் தெரியும்.

காரணம் செல்லுலாய்ட். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சோடு சூடத்தைச் சேர்த்துப் பிசைந்து அழுத்தினால் கிடைக்கும் பொருள் அது. யானைத் தந்தத்துக்குப் பதிலாக வேறெதிலாவது பில்லியர்ட்ஸ் பந்து செய்ய முடியுமா என்று தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட் 1870-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சீப்பு, பொம்மை, சட்டைக் காலர், சினிமாச் சுருள் என்று உலகம் முழுக்க அது பரவிற்று. தைவானின் கற்பூர மரக் காடுகளைக் கையில் வைத்திருந்த ஜப்பான், 1899-ல் அங்கே சூட வியாபாரத்தை அரசாங்க ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் மரத்திலிருந்து வடித்த சூடத்தில் பெரும்பங்கை ஆரத்தித் தட்டுகள் தின்னவில்லை, செல்லுலாய்ட் தொழிற்சாலைகள் தின்றன. 1922-ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா என்பவர் செல்லுலாய்ட் தகட்டிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி மாண்டலின்காரர்களுக்கும் கிட்டார்காரர்களுக்கும் விற்க ஆரம்பித்தார். அந்தத் துண்டைக் கட்டைவிரலால் நாலு தேய் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் சூடம் மணக்கும். பையன்களாய் இருந்தபோது நாங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு ஏதோ தேவரகசியம் பிடிபட்ட மாதிரி திரிந்தோம்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த செல்லுலாய்ட் நியூயார்க்கிலிருந்து வந்ததல்ல. ரேணிகுண்டாவிலிருந்து வந்தது. உடைந்த டேபிள் டென்னிஸ் பந்தாக வந்தது.

ரேணிகுண்டா ரயில்வே காலனியில் ஒரு ஃபிட்டர் இருந்தார். எங்களுக்கு அவர் அங்கிள். பகலில் ஸ்பேனரும் அரமும் பிடிக்கும் கை, சாயங்காலம் கிட்டார் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு வாசிப்பார். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் சங்கீதக் கல்லூரி இருந்தது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாம் அங்கே கற்கலாம். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை போன்ற மகாவித்வான் முதல்வராக இருந்த இடம் அது. கிட்டாருக்கு அங்கே இடமில்லை. கிட்டார் வேண்டுமென்றால் ரயிலேறி ரேணிகுண்டாவுக்குப் போக வேண்டும். போனோம்.

அங்கிளின் முதல் பாடம் கார்ட்ஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. "பாபு, மொதல்ல நீயே ஒரு பிக்கு செஞ்சுகினு வா. வாங்கினது வேணாம்" என்றார். வாங்குவதற்குத் திருப்பதியில் எந்தக் கடையிலும் அது இல்லை என்பது அவருக்குத் தெரியும். இல்லாமையைப் பாடத்திட்டமாக மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

காலனி இன்ஸ்டிட்யூட்டில் டேபிள் டென்னிஸ் மேஜை உண்டு. விரிசல் விட்ட பந்துகளை மூலையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டி, வெந்நீரில் போட்டு, இளகினதும் கனத்த புத்தகத்தின் அடியில் ராத்திரி முழுக்க வைத்தால் ஏறக்குறையத் தட்டையாகிவிடும். எங்கள் வீட்டில் கனத்த புத்தகம் பஞ்சாங்கமும் அப்பாவின் அலுவலக லெட்ஜரும்தான். பிறகு கத்தரிக்கோலால் அரசிலைத் துண்டாக நறுக்கி, நுனியைத் தரையில் தேய்த்து மழுக்க வேண்டும். பந்தின் ஓடு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் தந்தியில் பட்டதும் பிக் வளைந்து கொடுக்கும். ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் மேலிருந்து கீழே இழுத்தால் 'சரக்' என்று ஒரு துடைப்பச் சத்தம் சுருதிக்கு முன்னால் ஓடும். பாட்டுக்குத் தாளம் கொடுக்க அதுபோல ஒன்று கிடையாது. தனித்தந்தியில் ஸ்வரம் வாசிக்கப்போனால் மட்டும் அது வழுக்கும். ஸ்வரம் நினைத்த இடத்தில் விழாது, ஒரு மயிரிழை பிந்தி விழும்.

அந்த மயிரிழையைக் கேட்பதற்குத்தான் இத்தனை பாடும் என்பது பிற்பாடு புரிந்தது. கையில் ஒரே பிக் மட்டும் இருக்கிறவன் கிட்டாரின் சத்தம் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வான். நுனியை மாற்றி மாற்றி வாசிக்கிறவனுக்குத்தான் எது தந்தியின் சத்தம், எது மரத்தின் சத்தம், எது தன் கையின் சத்தம் என்று பிரித்துக் கேட்க வரும்.

அடுத்தது ரயில் டிக்கெட். அந்த அட்டை டிக்கெட்டைப் பார்த்திராத தலைமுறை ஒன்று இப்போது கல்லூரிக்கே போய்விட்டது. இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன் 1830களின் கடைசியில் உருவாக்கிய வடிவம் அது. விரல் நீளத் தடித்த அட்டை, அதில் வரிசை எண், தேதியைக் குத்த ஒரு இரும்பு எந்திரம். கவுண்டரில் 'டக்' என்று குத்திக் கொடுக்கும்போதே பயணம் தொடங்கிவிடும். அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. கடையில் 'மீடியம்' என்று விற்கும் பிக்கின் தடிமனும் ஏறத்தாழ அதுதான். சட்டைப் பையில் தங்கிப்போன பழைய டிக்கெட்டின் ஒரு மூலையைக் கூராக்கினால் போதும்.

அட்டை தந்தியில் பட்டால் உலோகத்தின் மினுமினுப்பு முழுவதும் போய்விடும். பஞ்சு வைத்துப் பேசின குரலில் பாட்டு வரும். கொஞ்ச நேரத்தில் நுனி பிய்ந்து நார் நாராகும். அதனால் அது மேடைக்கு ஆகாது, ராத்திரிக்கு ஆகும். அப்பா தேவஸ்தானத்தில் குமாஸ்தா. மலையில் சுப்ரபாத வேளைக்கே ஊர் விழித்துவிடும் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே போகும் முறை அவருக்கு அடிக்கடி வரும். எட்டரை மணிக்கே படுத்துவிடுவார். செல்லுலாய்டில் வாசித்தால், "நடுராத்திரியில என்னடா டிங்கு டிங்குன்னு, கோயில் மணியா அடிக்கற?" என்று குரல் வரும். டிக்கெட்டில் வாசித்தால் குரல் வராது. குறட்டைதான் வரும். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதியை நான் திருப்பதி–ரேணிகுண்டா இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

அஞ்சு பைசாவைச் சொல்லாமல் விட முடியாது. அலுமினியத்தில் வந்த சதுரக் காசு. நான்கு மூலையும் கொஞ்சம் உருண்டிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்தால் ஒரு மூலை சரியாக வெளியே நீட்டி நிற்கும். பிக் செய்யவே அச்சடித்தார்களோ என்று தோன்றும். பத்து பைசா அலை அலையாய் விளிம்பு கொண்டது, அதனால் தந்தியில் மாட்டிக்கொள்ளும். வட்டமான நாலணா தந்தியைத் தேடிப் பிடிப்பதற்குள் தாளம் ஒரு சுற்று போய்விடும். அஞ்சு பைசாதான் வாகு. உலோகம் உலோகத்தைத் தொடும்போது வரும் அந்தக் கீறலான ஓசையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விளிம்பு இருக்கும். காசு வளையாது. அதனால் கை வளைய வேண்டும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தவன் காசில் வாசித்தால் தந்தி அறுந்துவிடும். தளர்த்திப் பிடித்தால் அதிலிருந்தே கிண்கிணிச் சத்தம் வரும். மணிக்கட்டின் தளர்ச்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காசுதான். ஒரே தொல்லை, வாசித்து முடித்தால் தந்தியும் விரலும் கறுத்துக் கிடக்கும்.

லண்டனில் குயீன் குழுவின் பிரையன் மே, பழைய ஆறு பென்னிக் காசில்தான் வாசிக்கிறார் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. அவருக்குக் கிடைத்தது ராணியின் தலை, எங்களுக்குக் கிடைத்தது அசோகச் சிங்கம். நாட்டிலேயே அதிகச் சில்லறை விழும் உண்டியல் இருக்கும் மலையின் அடிவாரத்தில் இருந்தோம். பரகாமணியில் சில்லறையைக் குவித்து எண்ணுவதாகப் பெரியவர்கள் பேசும்போதெல்லாம், அதில் எத்தனை அஞ்சு பைசா, எத்தனை பிக் என்றே என் மனக்கணக்கு ஓடும்.

எதிர்வீட்டில் சங்கீதக் கல்லூரியில் வீணை படிக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். தெலுங்குக் குடும்பம். என்னைத் "தம்முடு" என்றுதான் கூப்பிடுவாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பியால் வளைத்த வளையம் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். இரண்டு விரலும் மாறி மாறித் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டும். சுண்டுவிரல் மட்டும் தனியாக, மேல்நோக்கிப் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டும். நான் காசால் வாசிப்பதை ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, "தம்முடு, கையில அம்பது வித்தை வச்சிருக்கே, வரிசை இல்லையே" என்றாள். சரளி வரிசையை மாயாமாளவ கௌளையில் எழுதிக் கொடுத்தாள். முதல் காலத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழ்வீச்சு மட்டும். இரண்டாம் காலத்தில் கீழ்வீச்சு, மேல்வீச்சு, மாறி மாறி. மூன்றாம் காலத்திலும் அதே, தடுமாறாமல். மேல்நாட்டுப் புத்தகங்கள் பயிற்சி பயிற்சியாகப் பக்கம் நிரப்பிச் சொல்லும் வித்தை இந்த மூன்று காலத்துக்குள்ளேயே இருந்தது.

சரளி வரிசையை எல்லா நுனியிலும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்தது. பந்துத் துண்டில் மூன்றாம் காலம் குழைந்து போகும். டிக்கெட்டில் எழுத்தெல்லாம் அழிந்த சிலேட்டு. காசில் ரிஷபமும் தைவதமும் குத்தும். தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்கச்சியில்தான் மூன்று காலமும் உட்கார்ந்தது. சரோத் வாசிக்கிறவர்கள் ஜவா என்று கையில் பிடிப்பது இந்தத் தேங்காய் ஓட்டுத் துண்டைத்தான். அலி அக்பர் கானின் சரோத் ரேடியோவில் வந்தால், அந்தப் பெரிய சத்தத்தின் ஆரம்பம் நம் வீட்டு அடுப்பங்கரைச் சாமான்தான் என்று அம்மாவிடம் பெருமை அடிப்பேன். அம்மா, "அப்ப அடுப்புக்கு எடுத்து வச்ச கொட்டாங்கச்சியத் தொடாத" என்பாள். அதுவும் நியாயம்தான்.

அங்கிளிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. தேன் நிறத்தில், கறுப்புத் திட்டுகளோடு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நெருப்பு ஓடுவது தெரியும். அழுங்காமையின் ஓட்டில் செய்தது. அவருடைய அப்பா காலத்துப் பொருள். அந்த ஓட்டுக்காகவே கடல்கடலாக அழுங்காமையைக் கொன்று தீர்த்தார்கள். 1970களில் சட்டமும் உலக ஒப்பந்தமும் வந்து அந்த வியாபாரத்துக்குத் தடை போட்டன. அங்கிள் அதை யாருக்கும் தரமாட்டார். எங்களுக்குக் கேட்க மட்டும் அனுமதி. தந்தியை விட்டு விலகும்போது அது சத்தமே போடாது. ஸ்வரம் தானே முளைத்த மாதிரி இருக்கும். "நகத்துக்கும் இதுக்கும் ஒரே ஜாதி பாபு" என்பார் அங்கிள். உண்மைதான். ஆமை ஓட்டின் மேல்தகடும் நம் நகமும் கெரட்டின் வகைப் பொருளால் ஆனவையே. அதற்குப் பிறகு நான் கொஞ்ச காலம் நகம் வளர்த்தேன். அப்பா நகவெட்டியோடு வந்து நின்றதில் அந்த ஆராய்ச்சி முடிந்தது.

கடைச்சரக்கு பிக் எனக்குக் கிடைத்தது மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில். சப்தகிரி எக்ஸ்பிரஸில் போய் சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே சிவப்புக் கட்டடம். கிராமபோன் தட்டு, பழைய புத்தகம், கோழிக்குஞ்சு, கப்பலிலிருந்து இறங்கிய கடிகாரம், கண்ணாடி ஜாடிக்குள் மீன், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு கடையில் தந்தி அறுந்த மாண்டலினும் ஒற்றைக் கிளாரினெட்டும் தொங்கின. அதற்கடியில் பொத்தான் டப்பாவுக்குள் பொத்தானோடு பொத்தானாக ஆமை ஓட்டு நிறத்தில் சில பிக்குகள் கிடந்தன. கடைக்காரர் அதை எதற்கு என்று அறியாமல், "கோட்டு பட்டனா தம்பி? ஓட்டை போட்டுக்கலாம்" என்றார். தேய்த்து முகர்ந்து பார்த்தேன். சூடம். பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டேன். 1900-ல் திறந்த அந்த மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்து போனது. செய்தி வந்த நாளில் திருப்பதியில் இருந்த எனக்கு அந்தப் பொத்தான் டப்பாதான் கண்ணில் நின்றது. செல்லுலாய்ட் சீக்கிரம் தீப்பிடிக்கும்.

பிக்குகளைப் பற்றி ஒரு உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். அவை தொலைவதற்கென்றே பிறந்தவை. பாதி கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் விழும். கிட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் விழுந்த பிக் வராது, போன வருஷம் விழுந்தது வரும். மீதி சட்டைப் பையிலேயே துவைக்கப்போய்விடும். அம்மா துவைக்கிற கல்லடியில் மழைக்குப் பிறகு தோண்டினால் ஒரு சின்ன அருங்காட்சியகமே கிடைத்திருக்கும்.

இத்தனை நுனிகளையும் கொண்டு நாங்கள் எதை வாசித்தோம்? இளையராஜாவை வாசித்தோம். எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஒரு சொந்தம் வேறு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பிறந்த கோனேட்டம்பேட்டை அப்போது சித்தூர் மாவட்டம். 1960 எல்லை மாற்றத்தில் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போய் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பள்ளியில் படித்தது காளஹஸ்தியில், பி.யு.சி. படித்தது எங்கள் எஸ்.வி. ஆர்ட்ஸ் கல்லூரியில். மெட்ராஸில் அவர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தபோது அதில் கிட்டார் வாசித்தது இளையராஜா. பிறகு அவர் ஆர்மோனியத்துக்கு மாறினார். கங்கை அமரனும் அந்தக் குழுவில் கிட்டார்தான். பாஸ்கர் தாளம். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முந்திய கதை இது. தமிழ்நாட்டின் சினிமா இசையை மாற்றப்போகிற கை, ஊர் ஊராகக் கச்சேரி மேடையில் கார்ட்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே எங்களுக்குப் போதுமான ஊக்கம்.

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா'வில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்ட எந்தப் பையனும் அதற்குப் பிறகு பழைய பையனாக இருக்கவில்லை. அதே மெட்டு அடுத்த வருஷமே இந்திக்கும் போயிற்று. அந்தத் தொடக்கத்தை நாங்கள் பந்தில், டிக்கெட்டில், காசில், ஓட்டில், வெறும் விரலில் என்று எல்லாவற்றிலும் வாசித்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிலா வந்தது. காசில் வாசித்தால் பௌர்ணமி, டிக்கெட்டில் வாசித்தால் மேகம் மூடின நிலா.

அதே வருஷங்களில் ரேடியோவில் மாண்டலின் ஸ்ரீனிவாசும் வர ஆரம்பித்தார். பாலகொல்லுவில் 1969-ல் பிறந்த பையன், 1978-ல் குடிவாடாவில் மேடை ஏறி, 1981-ல் மெட்ராஸையும் பார்த்துவிட்டான். எங்கள் வயதுக்காரன். ஒரு கையில் எலக்ட்ரிக் மாண்டலின், இன்னொரு கையில் ஒரு சின்னப் பிக். கமகமா, வாய்ப்பே இல்லை என்று சங்கீதக் கல்லூரி வாசலில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள். சுகுமார் பிரசாத் எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனை வாசித்தார். அப்புறம் ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா வந்தார். சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம் ராணிப்பேட்டை. மேல்வீச்சையும் கீழ்வீச்சையும் காதுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டால், நுனியால் தட்டுகிற வாத்தியமும் பாடும் என்று அவர்கள் காட்டினார்கள். வீணை அக்கா ஸ்ரீனிவாசைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தப் பையனுக்கு வரிசை இருக்கு தம்முடு."

நான் வரிசையில் நின்றவனல்ல. ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனேன். மே மாதம் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை வரும். ஊரே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கும். கரி பூசினவர், சேலை கட்டின ஆண்பிள்ளை, வேப்பிலைக் கட்டோடு ஓடுகிறவர், இத்தனைக்கும் நடுவில் மூங்கில் கட்டிய மேடையில் எங்கள் குழு. தமிழ்ப் பாட்டு ஒன்று, தெலுங்குப் பாட்டு ஒன்று. என் நண்பன் ரிதம் கிட்டார், நான் லீட். குழாய் ஸ்பீக்கரில் அடிச்சுருதி ஒன்றும் கேட்காது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவது அவன் பிக் தந்தியை உரசும் அந்தச் 'சரக் சரக்' மட்டும்தான். அதனால் அவன் என்றைக்கும் மெல்லிசுக் கட்சி. எனக்கு ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழ வேண்டும். நான் தடிசுக் கட்சி. மேடைக்குப் பின்னால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நாங்கள் இதற்காக அடித்துக்கொண்டதை இன்றைக்கு நினைத்தால் வேறு எதற்கும் அவ்வளவு தீவிரமாக வாழ்க்கையில் சண்டை போடவில்லை என்றே தோன்றுகிறது.

போனவற்றைக் கணக்கெடுத்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. என் பிக்குகள் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு உத்தரவு, ஒரு தேதி இருக்கிறது. அழுங்காமைக்குச் சட்டம். மூர் மார்க்கெட்டுக்கு 1985, மே 30. அஞ்சு பைசாவையும் அதன் கூட்டாளிகளையும் இருபத்தைந்து பைசா வரை 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசாக்கினார்கள். சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் 2014-ல் செல்லுலாய்ட் பந்தை விட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. அட்டை டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் சீட்டு தின்றது. சித்தூர் மாவட்டமே 2022 ஏப்ரலில் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. இவையெல்லாம் அரசிதழிலும் செய்தித்தாளிலும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆர்கெஸ்ட்ராவிலிருந்து கிட்டார்காரன் எந்தத் தேதியில் இறங்கினான் என்பதற்குத்தான் எந்தத் தாளும் இல்லை. யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு கீபோர்டு வந்தது. அதில் 'கிட்டார்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் கிட்டார் மாதிரியே ஒன்று வந்தது. மேல்வீச்சும் இல்லை, கீழ்வீச்சும் இல்லை, ஆனாலும் வந்தது. அப்புறம் தாளத்துக்கும் ஒரு பொத்தான் வந்தது. பத்துப் பேர் போன வேனில் நான்கு பேர் போனார்கள். கச்சேரி பேசுகிறவருக்கு அது லாபம். கேட்கிறவருக்கும் குறையொன்றும் தெரியவில்லை. ஒரு ஜாத்திரைக்குக் கூப்பிட்டார்கள், அடுத்த ஜாத்திரைக்குக் கூப்பிடவில்லை. பேஸ் வாசித்தவன் வெங்காய மண்டியில் கணக்கெழுதப் போனான். டிரிபிள் காங்கோ வாசித்தவன் லாட்ஜில் சேர்ந்தான். என் நண்பன் மலைக்கு ஜீப் ஓட்டப் போனான். அங்கிள் பணி ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போனார். ஆமை ஓட்டை எடுத்துப் போனாரா, ஏதோ ஒரு கிட்டாரின் வயிற்றில் போட்டுவிட்டுப் போனாரா, கேட்க மறந்துவிட்டோம்.

மூர் மார்க்கெட்டில் வாங்கியவற்றில் கடைசியாக ஒன்று மேஜை டிராயரில் மிஞ்சியிருந்தது. சமீபத்தில் எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. செல்லுலாய்டுக்குள் கலந்த சூடம் வருஷக்கணக்கில் மெதுவாகக் காற்றில் போய்விடுகிறது. போகப்போகத் தகடு சுருங்கி நொறுங்கும். அதற்கு ஒரு வைத்தியமும் இல்லை. பழைய செல்லுலாய்ட் சாமான்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களுக்கே அது தலைவலி. இனி அதை வாசிக்க முடியாது. வாசித்தால் நுனி உதிரும்.

இன்றைக்குத் திருப்பதியிலேயே பிக் கிடைக்கும். கைபேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கு வரும். டன்லப் டார்டெக்ஸ் என்றால் நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடலாம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஆமை ஓட்டுக்கு மாற்றாகவே அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். பழைய ஏ.டி.எம். அட்டையை வைத்து அமுக்கினால் பிக்காக வெட்டித் தரும் எந்திரமும் விற்கிறது. ஏ.டி.எம். அட்டையின் தடிமன் உலகம் முழுக்க 0.76 மில்லிமீட்டர். பழைய ரயில் டிக்கெட்டுக்குப் பங்காளி. ஆக, பொருள் போய்விட்டதே என்று அழ எனக்கு உரிமையில்லை. அன்று நாங்கள் பட்ட பாட்டில் பாதி, இல்லாமையால் பட்ட பாடு. அதற்குப் பொன்முலாம் பூச விருப்பமில்லை. போனது வேறு. ஒரு ஊரில் பத்துப் பேருக்காவது இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டது. அதற்காகச் சண்டை போட ஆள் இருந்தது. அந்தச் சத்தம் மேடையில் தேவைப்பட்டது. தேவை போனதும் காது போயிற்று.

முழுவதும் போகவில்லை என்பதற்குச் சாட்சியாக நண்பன் போன மாதம் போன் செய்தான். பேரன் கிட்டார் வகுப்பில் சேர்ந்திருக்கிறானாம். கைபேசியைப் பார்த்துத் தானே எல்லா நிறத்திலும் ஒன்றாக பிக் பொட்டலம் வரவழைத்துவிட்டானாம். முதலில் எதைக் கொடுப்பது?

"சிவப்பக் கொடு. வேண்டாம்டா, பச்சையக் கொடு. மெல்லிசுல ஆரம்பிச்சா கை சோம்பேறியாயிடும்" என்றேன்.

"ரேய், தடிசக் கொடுத்தா தந்தியறுத்துட்டுப் பையன் ஓடிப்போவான். நீ லீடு லீடுன்னு குதிச்சு என்னத்தக் கண்ட?"

"நீ சரக்கு சரக்குன்னு பெருக்கித் தள்ளினதுல கண்டதவிட ஜாஸ்தி."

அலிபிரி டோல்கேட்டில் நின்றுகொண்டு பேசுகிறான் என்பது பின்னால் கேட்ட ஹாரன்களில் தெரிந்தது. அவன் நகர்கிற மாதிரி இல்லை. பேரனையே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. பையன் ஆறையும் வாசித்துப் பார்த்திருக்கிறான். இரண்டு தாத்தாக்களின் கட்சியையும் தள்ளிவிட்டு நடுவில் மஞ்சளை எடுத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் அதைத் தொலைத்தும்விட்டான். அந்த ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை, பையன் எங்கள் பரம்பரை.